புளி பிரஸ்ஸும் ஆயுதபூஜைப் பொட்டும்

1

மனித குலத்தின் கைகளைக் காக்கவென்றே பிறந்தது இந்தக் கதை. [பிறந்த விதம்: மிஷின்களுக்குப் பாதுகாப்பு சென்சார் விற்கும் எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு வார மலரில் முக்கால் பக்கம் காலி. "எதையாவது எழுதித் தாய்யா" என்றார் முதலாளி.]

2

'ஜவ்வாது மலையில் முகில்கள் தவழும் ஒரு…'

வேண்டாம். முகில் பார்க்க ஈஸ்வரிக்கு நேரமில்லை. புளியைக் கட்டியாக அழுத்தும் பிரஸ்ஸுக்குள் ஒரு நாளைக்கு முந்நூறு முறை கையை விட்டு எடுப்பவள் அவள். பிரஸ்ஸின் முன்னால் இரண்டு கம்பங்கள். அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள். கை குறுக்கே போனால் பிரஸ் நின்றுவிடும்.*

(* இது எங்கள் விளம்பர வாக்கியம்.)

3

ஆயுதபூஜைக்கு மறுநாள் பிரஸ் அசையவில்லை. கம்பத்தில் இருந்த சென்சார் கண் ஒவ்வொன்றிலும் கதிரை மறைத்தபடி சந்தனம், குங்குமம்.

"பொட்ட அழிக்காத. அதுவா உதுரட்டும். சென்சார் ஒயரக் கழட்டிட்டு ஓட்டு" என்றார் மேனேஜர் துரைக்கண்ணு.

"ஒயரக் கழட்டுனா எதுங்க நிறுத்தும்?" என்றாள் ஈஸ்வரி.

"சாமி நிறுத்தும்."

"அப்ப நீங்க கைய வுடுங்க. உங்களுக்குத்தான் சாமிய நல்லாப் பழக்கம்."

முந்தானையை நனைத்து எல்லாப் பொட்டையும் துடைத்தாள். [இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் பயப்பட வைக்கப் பார்த்தேன். மசியவில்லை.]

பிரஸ் இறங்கியது. கைக்குப் பதிலாக, குழம்புக்கு வாங்கி வைத்திருந்த முருங்கைக்காயை வெடுக்கென்று உள்ளே நீட்டினாள். பிரஸ் நின்றது, முருங்கைக்காயை நசுக்கிய பிறகு.

"பாத்தீங்களா? அது நிக்கிறதுக்குள்ள கை போய்ட்டிருக்கும். கம்பம் ரொம்பக் கிட்ட கீது. ஒரு முழம் தள்ளி வைங்க. அதுவரிக்கும் தொட மாட்டேன்."

"அப்ப வூட்டுக்குப் போ. படவேட்டுல ஆளா இல்ல?"

"இட்டுனு வாங்க. இன்னும் ரெண்டு முருங்கக்கா வெச்சிருக்கேன். அவங்களுக்கும் காட்டுறேன்."

4

முடிவு ஒன்று: துரைக்கண்ணு மனம் திருந்தி… (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: ஈஸ்வரியின் ஆள்காட்டி விரல்… முதலாளிக்குப் பிடித்தது இதுதான். "உருக்கமா இருக்கும்யா." தர மாட்டேன். அவள் விரலை வெட்டித்தான் இந்த முக்கால் பக்கம் நிரம்ப வேண்டுமென்றால், காலியாகவே கிடக்கட்டும்.

பத்து விரலோடும் கையைக் கட்டிக்கொண்டு பிரஸ் முன்னால் நிற்கிறாள். முதலில் நகரப்போவது அவளா, கம்பமா? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பங்களுக்குத் தந்த 'தூரம் அளந்து சோதிக்கப்பட்டது' என்ற சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து. மலை வளைவுகளில் எனக்கு வாந்தி வரும் என்பதால், அளக்கப் போன அன்று அடிவாரத்து ஒடுகத்தூரிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன்.