கருங்கானாற்றின் அறுநூற்று இருபத்துநாலு பாட்டில்கள்

கருங்கானாறு செத்துப்போய் வெகுகாலம் ஆகியும் அந்தத் துக்கச் செய்தி தலைமை அலுவலகத்துக்கு மட்டும் எட்டவில்லை. எட்டவிடாமல் பார்த்துக்கொண்டவர் திருமுல்லைவாயில் தசரதன்.

மலையடிவாரத்தில் ஆற்றின் ஓட்டத்தை அளந்து, வாரம் ஒரு பாட்டில் தண்ணீரை உப்புப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் அவர் பார்த்த அரசாங்க உத்தியோகம். ஒரு நாள் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் சுரங்கம் தோண்டி ஆற்றைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் மிஞ்சியது கூழாங்கல்லும் நாலு ஆடும். தசரதன் நேர்மையாக எழுதினார்: ‘ஆற்றில் நீர் இல்லை.’ எண்ணி எட்டாம் நாள் பதில் வந்தது: ‘நீர் இல்லை என்பதற்கு ஆதாரமாக நீர் மாதிரியை இணைத்து அனுப்பவும். தவறினால் சம்பளம் நிறுத்தப்படும்.’

மனுஷன் என்ன செய்வார். திருமுல்லைவாயில் வீட்டு போர் தண்ணீர் ஒரு பாட்டில் போனது. மேலிடத்துக்கு ரொம்பத் திருப்தி. அப்புறம் பன்னிரண்டு வருஷம், வாரம் தவறாமல், அறுநூற்று இருபத்துநாலு பாட்டில். ஓட்டத்தின் அளவை மட்டும் பஞ்சாங்கம் பார்த்து, மனசுக்கு இதமாக எழுதிக்கொள்வார். ஆடியில் வெள்ளமே விட்டிருக்கிறார். மாசம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய், ஆறு திரும்பி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டும் வருவார். கடமை உணர்ச்சி அப்படி.

ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆனபின், ஒரு வியாழக்கிழமை கதவைத் தட்டினாள் ஆவடி எவாஞ்சலின். ஆராய்ச்சி மாணவி. அவருடைய பன்னிரண்டு வருஷ அளவுகளையும் அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“அங்கிள், என் தீசிஸே உங்க ரீடிங் மேலதான் நிக்குது. திங்கட்கிழமை குடுக்கணும். எல்லாம் நீங்க எடுத்ததுன்னு ஒரு கையெழுத்து போடுங்க.”

ஆற்றைத் திருப்பியதும் மலைத் தண்ணீரில் உப்பு பத்து மடங்கு ஏறியதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். பாறைகள் ஏக்கத்தில் கரைகின்றன என்பதுபோல ஒரு விளக்கமும் நானூறு பக்கத்துக்கு எழுதிவிட்டாள்.

“ஒண்ணுதான் இடிக்குது அங்கிள். ரெண்டாயிரத்துப் பதினஞ்சு டிசம்பர்ல உப்பு சடார்னு இறங்குது. அந்த மாசம் மலையில மழையே இல்ல.”

அந்த டிசம்பரில் திருமுல்லைவாயிலில் பெய்த மழையைக் கட்டில்மேல் நின்று பார்த்தவர் தசரதன். கையெழுத்துப் போட்டால் இந்தப் பெண்ணின் படிப்பு பொய்யில் நிற்கும். போடாவிட்டால் தன் மானம் கப்பலேறும், பென்ஷனும் கூடவே ஏறினாலும் ஏறும்.

“மலைங்க அப்டித்தாம்மா,” என்று பேனாவைத் திறந்தார்.

அவர் மனைவி தாட்சாயிணி சொம்போடு வந்தாள். “கேன்காரன் இன்னும் வர்ல பாப்பா. போர் தண்ணிதான் கீது.”

ஒரு வாய் குடித்ததும் எவாஞ்சலினின் முகம் கோணியது. பழக்கதோஷம், பையிலிருந்த, தண்ணீரின் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்துச் சொம்பில் முக்கினாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஆயிரத்து எண்ணூற்று முப்பது.

“அங்கிள், கருங்கானாறு எங்க ஓடுது?”

தசரதன் மின்விசிறியை ஆராய்ந்தார். தாட்சாயிணிதான் பதில் சொன்னாள்: “எங்க ஊட்டு மோட்டார்லதான். சுவிச்ச போட்டா ஓடும், கரண்ட் போனா நின்னுபூடும்.”

அந்தப் பெண் அழுவாள் என்று தசரதன் தன் துண்டைக்கூடத் தயாராக எடுத்துவிட்டார். அவளோ பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “எல்லா வாரமும் இதே போரா?”

“வேற போருக்கு நாங்க எங்க போறது,” என்றாள் தாட்சாயிணி.

“ஒரே போர்ல பன்னெண்டு வருஷம், ஒரு வாரம் விடாம. இந்தச் சுத்துவட்டாரத்துல யாருகிட்டயுமே இப்படி ஒண்ணு இல்ல ஆன்ட்டி. கொஞ்சம் டைம் கேட்டு வாங்கி, தீசிஸைத் திருமுல்லைவாயில் நிலத்தடி நீர்னு மாத்திடுறேன். ஆனா அங்கிள் உண்மைய எழுதிக் குடுக்கணும்.”

“பென்ஷன்,” என்றார் தசரதன், ஈனக்குரலில்.

“இன்னாயா பயப்புடுற. பன்னெண்டு வருசம் ஊட்டுத் தண்ணிய ஆத்துத் தண்ணின்னு வாங்கிக்கினவன், நீ எழுதிக் குட்த்தா மட்டும் படிச்சிடுவானா?”

அந்த நியாயம் அவரை உலுக்கிவிட்டது. எல்லாவற்றையும் எழுதினார், வெள்ளம் விட்ட ஆடிகள் உட்பட. மூச்சு லேசானது.

“மாதிரி எடுத்தவர் பேரு?” என்றாள் எவாஞ்சலின்.

“தசரதன்.”

“யாரு? புட்ச்சது பூரா நானு. இந்தாளு ஒரு நாளாவது கொழா கிட்ட வந்துகீறாரா கேளு.”

“லேபிள் ஒட்டுனது யாரு மே?” என்றார் தசரதன்.

இப்போது அந்தத் தீசிஸின் மூன்றாம் பக்கத்தில் ‘நீர் மாதிரி சேகரிப்பு: தாட்சாயிணி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே, கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், ‘லேபிள்: தசரதன்.’