இரட்டை சைலன்சர்

என் தங்கச்சி வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை செத்துப்போனதற்கு அவள் வேலைக்குப் போனதுதான் காரணம் என்று அவள் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருந்த தங்கச்சியும் அதையேதான் சொன்னாள். ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் சேர்ந்து ஒன்றையே சொன்னதில் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா இருப்பேண்ணா," என்றாள். "தலைவலி இருக்காது, வாந்தி இருக்காது. திங்கக்கிழமை ஆபீஸ்ல போய் இறங்கினா மறுபடி ஆரம்பிச்சிடும். உடம்பு சொல்லியிருக்கு. நான்தான் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போவதில்லை, சரி. ஞாயிற்றுக்கிழமை அவள் காரிலும் ஏறுவதில்லை.

அந்தக் காரில் கைவைத்தவன் நான். இருபத்திரண்டு வருஷமாக சைலன்சர் வெல்டிங் எனக்குத் தொழில். மூன்று வாரத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சியின் புருஷன், வந்து நின்றார். பழைய கார், ஒற்றைக் குழாய். அதை இரட்டைக் குழாயாக மாற்றித் தர வேண்டுமாம். "பின்னாடி ரெண்டு பக்கமும் குழாய் தெரியணும் மச்சான். ஸ்டார்ட் பண்ணா தெருவே திரும்பிப் பார்க்கணும்." பிள்ளை பிறக்கப்போகிற சந்தோஷம், வேறெங்கே காட்டுவார்? எனக்கும் ஆசைதான். என் கைவேலை என் தங்கச்சி வீட்டு வாசலில் நிற்கட்டுமே என்று பார்த்தேன்.

பழைய குழாயைப் பின்சீட்டுக்குக் கீழே வெட்டினேன். கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிற ஒரு துண்டை அங்கே வைத்து வெல்டு அடித்தேன். அதிலிருந்து இடது பக்கம் ஒரு குழாய், வலது பக்கம் ஒரு குழாய், ஆளுக்கொரு சைலன்சர். கவட்டையின் மேல்பக்கம் காரின் தரையை ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே கண்ணும் போகாது, கையும் சரியாகப் போகாது, குத்துமதிப்பாகத்தான் அடிக்க முடியும். அதற்காகத்தான் கடைசியில் சோதனை என்று ஒன்று இருக்கிறது. இஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயை ஈரத்துணியால் அடைத்துப் பிடிப்போம். எங்காவது ஓட்டை இருந்தால் புகை அந்த வழியாக 'உஸ்' என்று சீறும். ஆயிரம் வண்டிக்குச் செய்திருப்பேன், தூக்கத்தில்கூட என் கை அதைச் செய்யும்.

இந்த வண்டியிலும் செய்தேன். இடது வாயை அடைத்துக் கேட்டேன், சத்தமில்லை. எழுந்துபோய் வலது வாயை அடைத்துக் கேட்டேன், சத்தமில்லை. "கல்லு மாதிரி இருக்கு மாப்பிள்ளை, எடுத்துட்டுப் போங்க," என்று முதுகில் தட்டி அனுப்பினேன். ஒரு வாயை அடைத்தால் புகை மறு வாயால் போய்விடும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. என் கை ஒற்றைக் குழாயிலேயே பழகின கை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் சாகிறது கீழே இருக்கிறவன்தான், அதை யாரும் சொல்வதில்லை.

தலை வலிக்கிறது என்று அவள் போனில் சொன்னபோது, "வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும், பின்சீட்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போ," என்று யோசனை சொன்னதும் நான்தான்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை எழுப்பினேன். "கார் சாவியை எடுத்துக்கிட்டு கீழ வாங்க."

"இப்ப எதுக்கு மச்சான்?"

"வாங்கன்னா வாங்க."

ஆஸ்பத்திரிக் குழாயில் இரண்டு துண்டை நனைத்துக்கொண்டு போனேன். இஞ்சினை ஓடவிட்டு, ஒரு துண்டை அவர் கையில் கொடுத்து இடது வாயில் அழுத்தச் சொன்னேன். வலது வாயை நான் அழுத்தினேன். இரண்டு பேரும் காருக்குப் பின்னால் குந்தியிருந்தோம். இஞ்சின் திணறியது. அடுத்த கணம் பின்சீட்டுக்குக் கீழேயிருந்து 'உஸ்' என்று சத்தம் வந்தது. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

இஞ்சினை நிறுத்திவிட்டு, பின்கதவைத் திறந்து கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். தரையில் இருக்கிற சின்னத் துளையின் ரப்பர் மூடி என் வெல்டிங் சூட்டில் உருகிப்போயிருந்தது. துளையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கரி. அதற்கு மேலேதான் அவள் தினமும் தலைவைத்துப் படுத்துப் போயிருக்கிறாள்.

மாப்பிள்ளை என் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஜன்னலைத் திறந்துவெச்சுத்தான் ஓட்டுவேன், சத்தம் கேக்கணும்னு. பின்னாடி தூசி வருதுன்னு அவ பக்கத்துக் கண்ணாடியை ஏத்திவிட்டுக்குவா," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், அவகிட்ட சொல்லாதீங்க. சொன்னா என் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டா, உங்க மூஞ்சியிலயும் முழிக்க மாட்டா. வேலைக்குப் போனதாலன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

பொய் சொல்லமாட்டேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு மாடி ஏறும்வரை பிடித்திருந்தது. மேலே வராந்தாவில் மாமியார் யாரிடமோ, "சொன்னா கேட்டாத்தானே? சம்பாதிச்சாத்தான் ஆச்சுன்னு ஒரே பிடிவாதம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாகிறவரைக்கும் தங்கச்சி இதைத்தான் கேட்கப்போகிறாள். அதுவும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள்.

முதலில் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அந்தப் புகையைத் தாய் தாங்கினாலும் வயிற்றுப் பிள்ளை தாங்காது என்றார். பிறகு தங்கச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, மாப்பிள்ளையையும் மாமியாரையும் வைத்துக்கொண்டே, வெட்டினது, ஒட்டினது, ஒவ்வொரு வாயாக மட்டும் அடைத்துப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் வேலைக்குப் போனதால இல்லையா?"

"இல்லம்மா. என்னாலதான்."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றார். தங்கச்சி ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்கு மூச்சு முட்டியிருக்குமாண்ணா?"

இரும்பைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இது எனக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொல்லத்தான் மாடியேறி வந்திருந்தேன்.

"இல்லம்மா. தூங்குற மாதிரிதான் இருந்திருக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"சரிண்ணா," என்றாள். "நீ இனிமே வராதே."