ஒரே வீட்டில் இரண்டு ஓய்வுநாள்

லூர்துமேரிக்கும் அவள் புருஷன் அருள்ராஜுக்கும் இருந்தது பத்தடிக்குப் பத்தடி வீடு. அதற்குள் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தகரப் பெட்டி, இரண்டு ஓய்வுநாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குச் சனிக்கிழமை. தில்லியில் பெரிய சாக்கடையை ஒட்டித் தமிழர்கள் குடிசை போட்டிருந்த அந்த மெட்ராசி கேம்ப்பில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "உங்க வூட்ல ஆண்டவரு வாரத்துக்கு ரெண்டு நாள் லீவு எடுக்கிறாரா?" என்று பக்கத்து வீட்டு ருக்கு கேட்பாள். ருக்கு மாரியம்மனைக் கும்பிடுகிறவள். தன் சாமிக்கு லீவே கிடையாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

லூர்துமேரி திண்டிவனம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். ஞாயிறு மட்டும் வரமாட்டேன், பூசைக்குப் போகணும் என்று மூன்று மேம்சாப்களிடமும் மல்லுக்கட்டி வாங்கிய நாள் அது. அருள்ராஜும் ஞானஸ்நானம் எடுத்தது அந்த ஊர்க் கோயிலில்தான். ஆனால் தில்லிக்கு வந்து கொத்தனாரான பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கையில் கூலி கொடுத்தால் அது ஞாயிறு விடிவதற்குள் சாராயமாகிவிடும். எத்தனை ஞாயிறு அவள் வீங்கிய கன்னத்தை முக்காட்டால் மறைத்துக்கொண்டு பூசைக்குப் போனாள் என்று கோயிலில் இருந்த மாதாவுக்குத்தான் தெரியும்.

அப்படி இருந்தவனைக் கூட வேலை செய்த ஒருவன் முனிர்காவில் ஒரு சபைக்கு அழைத்துப் போனான். ஏழாம் நாள் என்பது சனிக்கிழமை, அதை ஞாயிறாக மாற்ற எந்த மனுஷனுக்கும் அதிகாரம் இல்லை என்று அங்கே சொன்னார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அருள்ராஜ் அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் கொத்துக்கரண்டியைக் கழுவி மூலையில் வைப்பான்; குளித்து வெள்ளைச் சட்டை போடுவான். சனிக்கிழமை பொழுது சாய்கிற வரை சுமை தூக்கமாட்டான், காசைத் தொடமாட்டான். கூலியை ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான். மூன்று வருஷமாக ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

ஆரம்பத்தில் லூர்துமேரி சண்டை போட்டாள். "ஆண்டவரு உயிர்த்தது ஞாயித்துக்கெழம. அத விடப் பெரிய நாளு எதுய்யா?"

"உயிர்த்தாரு, சரி. ஓய்வுநாள மாத்திக்கங்கன்னு எங்க சொன்னாரு?"

அவள் போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டாள். அவர் நல்ல பதில்தான் சொன்னார்; ஆனால் அது பஸ் ஏறி வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துபோகிற அளவுக்கு நீளமாக இருந்தது. புருஷன் குடிக்காமல் இருந்தால் செவ்வாய்க்கிழமையைக்கூட ஓய்வுநாளாக வைத்துக்கொள்ளட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

கேம்ப்பை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வெகுநாளாகவே உண்டு. நகரமெங்கும் மெட்ரோவுக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சாக்கடை மேல் ரோடு வரப்போகிறது என்றார்கள். இந்தத் தடவை பேச்சு நிஜமாகி, சர்வேக்குத் தேதியே சொல்லிவிட்டார்கள். குடும்பத் தலைவன் ரேஷன் கார்டோடு வீட்டில் இருக்க வேண்டும், அங்கேயே கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தவனுக்கு நகரத்துக்கு வெளியே துண்டு நிலம். ஆள் இல்லாத வீட்டின் கதவில் சாக்பீசால் 'தாலா' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தாலா என்றால் பூட்டு. பூட்டிய வீட்டுக்கு நிலம் கிடையாது. புல்டோசர் மட்டும் வரும்.

சொன்ன தேதி ஞாயிற்றுக்கிழமை. கேம்ப்பில் பாதிப்பேர் பூசைக்குப் போகிறவர்கள். பெண்கள் கூடிக்கூடிப் பேசி, கடைசியில் இந்தி நன்றாகப் பேசுகிறவள் என்று லூர்துமேரியை முன்னால் தள்ளிக்கொண்டு சர்வே பாபுவைப் பார்க்கப் போனார்கள். அவளும் சளைக்கவில்லை. "இத்வார் எங்க ஆண்டவரோட நாள் சாப். அன்னிக்கு நீங்க வந்தா எந்த வூட்லயும் ஆள் இருக்கமாட்டோம்" என்று இந்தியில் பொரிந்து தள்ளினாள். மூக்குக்கண்ணாடி போட்ட பாபு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அச்சா, அப்போ சனிக்கிழமை" என்றார். பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். லூர்துமேரியும் ஆட்டினாள். கேம்ப்புக்கு வந்து, பைப்படியில் குடத்தை வைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். லூர்துமேரி குடத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப ஓடினாள். பாபு கிளம்பிப் போயிருந்தார். "ஞாயிறும் வேண்டாம், சனியும் வேண்டாமா? போய் உங்க சாமிகிட்டயே ஒரு தேதி கேட்டு வா" என்று பியூன் சிரித்தான்.

அருள்ராஜிடம் சொன்னாள். அவன் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வூட்ல சும்மா குந்தியிருக்கிறது வேலையாய்யா? ஓய்வுநாள்னா ஓய்ஞ்சு கெடக்கிறதுதான? குந்தியிரு. வந்தா ஒரு வெரல நீட்டு. அம்புட்டுதான்."

"நெலத்துக்குக் கைநாட்டு வைக்கிறது ஓய்வா லூர்து? அது யாவாரம்."

"வேற எடமில்லாம நடுரோட்ல நிப்போம்."

"தெரியுது" என்றான் அவன்.

சனிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவன் முனிர்காவுக்குப் போய்விட்டான். லூர்துமேரி தடுக்கவில்லை. தான் இருந்தால் போதாதா, பெண்சாதி இல்லையா, எடுத்துச் சொன்னால் கேட்கமாட்டார்களா என்று நினைத்துக்கொண்டாள். ரேஷன் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்துபோட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள்.

பாபு வந்தார். "வீட்டு மாலிக் எங்கே?"

"சர்ச்சுக்குப் போயிருக்காரு சாப்."

பாபு எழுதுவதை நிறுத்தினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துவிட்டது. "இன்னிக்கு சனிக்கிழமை. சர்ச் ஞாயிற்றுக்கிழமைதானே? அன்னிக்கு வந்து அவ்வளவு பேசினது நீதானே?"

அவள் சொல்லிப் பார்த்தாள். தன் கோயில் வேறு, அவன் சபை வேறு. அவளுக்கு அந்த நாள், அவனுக்கு இந்த நாள். அவளுடைய நல்ல இந்தி அன்றைக்குப் பார்த்துக் காலை வாரியது. சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது. ஒரே வீட்டில், ஒரே சாமிக்கு, இரண்டு நாளா? ஊருக்கு ஓடிப்போனவன், செத்துப்போனவன் பேரில் எல்லாம் நிலம் வாங்கப் பார்க்கிறவர்களை பாபு எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். திறந்திருந்த கதவில், அவள் கண்ணெதிரே, 'தாலா' என்று எழுதினார்.

"சாப், நான் உள்ளதான் இருக்கேன். கதவு தொறந்துதான் இருக்குது."

"கார்டு உன் பேரிலா இருக்கு? நாங்க ஜீப் ஏறுறதுக்குள்ள அவன் வந்தால் அழிக்கிறேன்."

ருக்குவை வாசலில் உட்காரவைத்துவிட்டு, லூர்துமேரி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக ஆட்டோ ஏறினாள். முனிர்காவில் சந்துக்குள் சந்தாகப் போய், படியேறினால் மாடியில் ஒரு அறை. வாசலெல்லாம் செருப்பு. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அருள்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டு பாடினான். குடிக்காத அருள்ராஜை அவள் வீட்டில் பார்த்திருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிற அருள்ராஜை அன்றைக்குத்தான் பார்த்தாள். கூப்பிடாமல் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நின்றாள். ஆனால் எங்கே திரும்புவது? கதவில் எழுதிவிட்டார்களே.

அவன் கண்ணைத் திறந்தபோது அவள் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்தான். படிக்கட்டில் வைத்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஓய்வுநாள்ல ஆடு குழியில வுழுந்தா தூக்கமாட்டீங்களான்னு ஆண்டவரே கேட்டாரே. உங்க பாஸ்டரு அத வாசிக்கலியா? நம்ம வூடு குழியில கெடக்குதுய்யா."

"வாசிச்சாரு" என்றான். "அந்த ஆடு நான்தான் லூர்து. இந்த நாளுதான் என்னத் தூக்கிப் புடிச்சிருக்குது. இத நான் வுட்டேன்னா வேற எத புடிப்பேன்னு எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல."

பாஸ்டர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர். அருள்ராஜ் அவர் வாயையே பார்த்தான். போ என்றாலும் சரி, போகாதே என்றாலும் சரி, யாராவது ஒன்று சொன்னால் போதும் என்று அவன் முகத்தில் இருந்தது. அவர் விஷயத்தைக் கேட்டார். "பிரதர், இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ள காரியம். நான் ஜெபம் பண்றேன்" என்றார். பாவம், அவருக்கும் தெரியவில்லை.

அருள்ராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து செருப்பைத் தேடினான்.

ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. பாபு சொன்ன சொல் தவறவில்லை. வந்து, எழுதியதைத் துணியால் துடைத்தார், அதே இடத்தில் நம்பர் போட்டார். அருள்ராஜின் கட்டைவிரலைப் பிடித்து ஊதா மையில் அழுத்தி எடுத்தார். "சர்ச் சீக்கிரம் முடிஞ்சிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அருள்ராஜும் சிரிக்கப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள், தப்பிச்சீங்க என்று லூர்துமேரியின் முதுகைத் தட்டினார்கள்.

பொழுது சாய்ந்தது. அவன் அந்த மையைக் கழுவவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"ஆண்டவரு மன்னிப்பாருய்யா. அவருக்குத் தெரியாதா நம்ம நெலம?"

"அவரு மன்னிப்பாரு. அதுல எனக்கு சந்தேகம் இல்ல" என்றான் அருள்ராஜ். "ஒரு சனிக்கெழமய வுட்டா ஒண்ணும் ஆவாதுன்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல. அதான்."

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை. வேறு என்ன செய்யலாம் என்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. அவள் பூசைக்குப் போனாள். ஆண்டவருடைய நாளை அதிகாரிகளிடம் துணிந்து கேட்டு வாங்கிய நம் கேம்ப்புப் பெண்களுக்காக நன்றி சொல்வோம் என்றார் சாமியார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த கேம்ப்புக்காரி வடிவு அவள் கையை அழுத்தினாள். நற்கருணை வாங்கிக்கொண்டு லூர்துமேரி முழந்தாளிட்டாள். எதைக் கேட்டு ஜெபிப்பது என்று தெரியாமல் அப்படியே எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டிக் கிடந்தது. எப்போதும் சாவியை ருக்குவிடம் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

"சாவி குடுக்கலியே" என்றாள் ருக்கு. "மேஸ்திரிகிட்ட கூலி வாங்கியாரேன்னு அண்ணன் காலையிலேயே போச்சு. கரண்டிய எடுத்துக்கல. வேலைக்குப் போவலியான்னு கேட்டேன், பேசல."

லூர்துமேரி நம்பர் போட்ட கதவில் சாய்ந்து வாசலில் உட்கார்ந்தாள். ருக்கு கொண்டுவந்த டீ ஆறிப்போனது. வெயில் ஏறி இறங்கியது. மேஸ்திரி கூலி கொடுக்கிற இடத்துக்கும் சாராயக் கடைக்கும் நடுவே ஒரு ரோடுதான். அங்கே போய் நிற்கலாம். எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். இந்தத் தடவை எந்த முகத்தோடு போய் வேண்டாம் என்று சொல்வது? சபையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தவள் அவள்தானே.

விளக்கு வைக்கிற நேரத்தில் வடிவு அந்தப் பக்கம் வந்தாள். "உள்ள போவாம இன்னாக்கா இங்க குந்தியிருக்க? அண்ணன் எங்க?"

"சபைக்குப் போயிருக்காரு" என்றாள் லூர்துமேரி.

"ஞாயித்துக்கெழமையா?" வடிவு சிரித்தாள்.

லூர்துமேரி ஆமாம் என்று தலையாட்டினாள்.