செர்ரித் தோட்டத்துச் சுவர்

வாசலில் விழுந்திருந்த கருஞ்சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு, ஒராஸியோ காப்பியோடு உட்கார்ந்தார். ஒரு வாரமாக எட்னா மலை கக்கிய நெருப்புக் குழம்பு, திராட்சைத் தோட்டங்களை விழுங்கியபடி ஆமை வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மலையை ஊரார் 'அவள்' என்றுதான் சொல்வார்கள்.

"அவ நம்ம பக்கம் வரமாட்டா. மேட்டுத்தெருவோட நின்னுருவா," என்றார் ஒராஸியோ.

"மேட்டுத்தெருவுல இருக்கறவங்க மனுஷங்க இல்லியா?" என்றாள் மனைவி வெனேரா.

மதியத்துக்குள் மேட்டுத்தெருவின் தார்ச்சாலையைக் குழம்பு மூடிவிட்டது. அங்கிருந்து வண்டிகள் வெளியேற இனி ஒரே வழி, ஒராஸியோவின் தோட்டத்தை ஒட்டிய பழைய ஊர்ப்பாதை. அதைத்தான் சில வருஷங்களுக்கு முன் அவர் தோட்டத்தோடு வளைத்துப் போட்டு, குறுக்கே கல்சுவர் எழுப்பி, செர்ரிக் கன்றுகள் நட்டிருந்தார். கேட்க வந்த அதிகாரி ஒரு கூடை செர்ரியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் சுவருக்கு அப்பால் வண்டிச் சத்தம் கேட்டது. தேனீ வளர்க்கும் பாஸ்தியானோ, வேன் நிறையத் தேனீப் பெட்டிகளோடு நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் மேட்டுத்தெருவே திரண்டு நின்றது.

"சுவர இடின்னு கேக்கல ஒராஸியோ. கேட்டா நீ செய்யவும் மாட்டே. இந்தப் பெட்டிங்கள மட்டும் வாங்கி உன் பக்கம் வச்சுக்கோ. பாவம், அதுங்க என்ன பண்ணுச்சு?"

முதல் பெட்டியை ஒராஸியோ கைநீட்டி வாங்கினார். உள்ளே தேனீக்கள் இரைவது கையில் தெரிந்தது. வசந்தம் தோறும் அந்தச் சுவரைத் தாண்டி வந்து அவர் மரங்களில் காய் பிடிக்க வைத்தவை அவைதான்.

"தேனீ வந்துருச்சு. நடக்க முடியாத அவன் மாமியார் எப்படி வருவாங்க? நீங்க தூக்கிக்கறீங்களா?" என்றாள் வெனேரா.

வேனின் முன்சீட்டிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நான் நூறு கிலோடியம்மா! உன் வீட்டுக்காரனுக்கு இடுப்பு ஒடிஞ்சிரும்!"

அந்த நிலையிலும் எல்லாரும் சிரித்தார்கள். ஒராஸியோவுக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்தார். தான் எழுப்பிய சுவரைத் தானே இடித்தார், தான் நட்ட மரங்களைத் தானே வெட்டிச் சாய்த்தார். இருட்டுவதற்குள் கடைசி வண்டியும் கீழே இறங்கிவிட்டது.

மேட்டுத்தெருவின் நல்ல காலம், இரண்டு நாள் கழித்து, பாஸ்தியானோவின் கோழிக்கூண்டை மட்டும் எரித்துவிட்டுக் குழம்பு ஆறிக் கறுத்து நின்றது. ஆபத்து நீங்கியதென்று மாதா கோயில் மணி அடித்தது. போனவர்கள் எல்லாரும் அதே பாதையில் சிரிப்பும் கண்ணீருமாகத் திரும்பி வந்தார்கள். ஒராஸியோவுக்கும் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது.

மறுநாள் கொத்தனார் வந்து நின்றார். "சுவர எப்ப திரும்பக் கட்டலாம்?"

"இனிமே கட்ட வேணாம்ப்பா," என்றார் ஒராஸியோ. "அவ மெதுவாத்தான் வந்தா. தப்பிச்சுப் போக எல்லாருக்கும் நேரம் குடுத்தா. வழிய அடைச்சு வச்சது நான்தான். ஊர்ப்பாதைய வளைச்சுப் போடறவன் நிலத்த மட்டும் திருடல, ஊரோட உயிரையும் சேத்துத்தான் திருடறான்."