அக்கா வீட்டுக்கு நூற்றிருபத்தாறு அடி

அக்காவின் வீடு முதன்முதலாக ஆற்றைக் கடந்து வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு. மொட்டைமாடிக் கொடியில் அப்போது நான்கு தலையணை உறைகளும் ஒரு போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன. எதுவும் கீழே விழவில்லை. வீட்டை இழுத்து வந்தவர் அந்த அக்காவின் தம்பி, ஓய்வு பெற்ற நில அளவையர். இழுத்த கருவி, சட்டைப் பையில் கிடந்தால் சீப்பு என்று நினைத்துவிடக்கூடிய ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா.

கேமரா வேண்டும் என்று கேட்டது அவருடைய மனைவிதான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் படம் எடுத்தால் நடுவில் நாம் என்ன செய்தோம் என்றே தெரியாமல் போய்விடும், பூனை தூங்குவதையும் பால் பொங்கி வழிவதையும் யார் எடுத்து வைப்பார்கள் என்று அவள் கேட்க, அளவையர் மறு பேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முப்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் ஒரே தடவையில் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இது என்பதால் அவளுக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கேமராக் கடையை நடத்திய அம்மாள் எந்தப் பொருளையும் புகழ்ந்து விற்காதவர். எத்தனை மெகாபிக்சல் என்று அளவையர் கேட்டதற்கு, பேருந்து மேலேயா ஒட்டப் போகிறீர்கள், வீட்டுச் சுவரில் மாட்ட எல்லாமே போதும் என்றார். உள்ளே இருக்கும் சென்சார் பெரிதாக இருந்தால் வெளிச்சம் குறைந்த அறையிலும் படம் தெளிவாக வரும். ஆனால் சென்சார் பெருக்கப் பெருக்கக் கேமராவும் பெருத்து, கடைசியில் பீரோவிலேயே குடியிருக்கும். கையோடு வருவதுதான் நல்ல கேமரா என்றார். பிறகு, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். தூரத்தில் இருப்பதை என்றார் அளவையர். எவ்வளவு தூரம் என்றதற்கு, யோசிக்காமல், ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு அடி என்றார். கடைக்கார அம்மாள் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"டிஜிட்டல் ஜூம்னு ஒண்ணு இருக்கும் சார், அத நம்பாதீங்க. இருக்கிற படத்தையே வெட்டிப் பெருசு பண்ணிக் காட்டும், அவ்வளவுதான். லென்ஸ் வெளிய நீளுது பாருங்க, இதுதான் நெஜமா பக்கத்துல கொண்டுவரும். பன்னெண்டு மடங்கு. ஒருத்தர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டார். பறவை பாக்கறவர். எல்லாம் மேல வந்து உக்காருதுன்னார்."

அளவையர் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார்: லென்ஸ் நீண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோனால் அது உள்ளே போகாமல் அப்படியே நின்றுவிடும், ஆகவே நினைவாக அணைத்துவிடுங்கள்.

ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு அடி என்பது ஆற்றின் இக்கரையில் அவர் வீட்டுப் பின்கட்டு மாடியிலிருந்து அக்கரையில் அக்கா வீட்டு மொட்டைமாடி வரை. அக்கா தையல்காரர். அப்பா விட்டுப்போன நாற்பத்திரண்டு அடி அகல வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தபோது, தம்பி தன்னுடைய இரும்பு டேப்பால் அக்கா பக்கத்துச் சுவரிலிருந்து இருபத்தொரு அடி அளந்து கோடு போட்டார், கொத்தனார் அதன்மேல் சுவர் எழுப்பினார். அக்காவின் துணி வெட்டும் மேசை அவள் பாதிக்குள் நுழையவில்லை. ஒரு அடி இடித்தது. சுவர் தப்பு என்றாள் அக்கா. டேப் பொய் சொல்லாது என்றார் தம்பி. ஒரு வாரத்தில் அவள் மேசையைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் பதினொரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டாம் வருடம், மனைவி சன்னல் திரைக்கு அளவெடுக்கச் சொன்னபோதுதான், டேப்பின் நுனியில் ஒரு அடி ஒடிந்துபோயிருப்பதையும் அது ஒன்று என்ற எண்ணிலிருந்து தொடங்குவதையும் அளவையர் கண்டார். ஊரையே அளந்த மனிதர் தன் டேப்பின் நுனியைப் பார்த்ததில்லை. திரைத் துணியைச் சரியாக அளந்து கொடுத்துவிட்டு, அக்காவிடம் சொல்லாமல் ஒன்பது வருடம் அதை நெஞ்சில் வைத்திருந்தார். நேரில் போய்ச் சொல்லலாம் என்று நாற்பது தடவையாவது படகுத்துறை வரைக்கும் போயிருப்பார். படகுக்காரரும் ஏறச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டார்.

முதல் நாள் அவர் ஜூம் நெம்பியைத் தள்ளியதும் லென்ஸ் நீண்டது, வீடு வந்தது. ஆறு, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பவர் மாதிரி ஒடுங்கிக்கொண்டது. சட்டகத்துக்குள் விழுந்த மூன்று வீடுகளும் ஒரு விளக்குக் கம்பமும் கூடவே வந்தன. ஓரத்திலிருந்த முடிதிருத்தகம் சட்டகத்தில் பாதிதான் விழுந்திருந்ததால் பாதிதான் வந்தது. நாற்காலியில் இருந்தவருக்கு அன்றைக்கு ஒரு கன்னம் மட்டும் சவரமாயிற்று. அளவையர் புது டேப்பைப் போட்டு அளந்து பார்த்தார். நூற்றிருபத்தாறு அடி. ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டைப் பன்னிரண்டால் வகுத்தால் அதுதான். அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தாள், தம்பியைப் பார்த்தாள், துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் கேமராவை அணைத்தார். வீடு திரும்பிப் போயிற்று.

இது தினமும் நடந்ததில் ஊர் பழகிக்கொண்டது. தபால்காரர் அக்கரைக் கடிதங்களை நாலு மணிக்கு ஒதுக்கி வைத்தார். படகுக்காரர் அந்த நேரத்தில் தூங்கினார். நெம்பியை வேகமாகத் தள்ளினால் டீ சிந்துகிறது என்று அக்கரைக்காரர்கள் சொல்லியனுப்ப, அவரும் மெதுவாகத் தள்ளக் கற்றுக்கொண்டார். வாங்கி மூன்று மாதமாகிறது, இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லையே என்று மனைவி மட்டும் கேட்டாள். படம் எடுக்க ஒரு பொத்தான் இருப்பதையே அவர் மறந்திருந்தார்.

நூற்றிருபத்தாறு அடியிலிருந்து ஒரு தப்பை ஒப்புக்கொள்வதானால் கத்தித்தான் ஒப்புக்கொள்ள வேண்டும், அதில்தான் சிக்கல். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வரட்டும் என்று ஒரு நாள் நெம்பியை மேலும் தள்ளினார். லென்ஸ் நகரவில்லை, டிஜிட்டல் ஜூம் தொடங்கியது. வீடு கையெட்டும் தூரத்துக்கு வந்தது, ஆனால் சுவரெல்லாம் சொரசொரவென்று பொடிக் கட்டங்களாகிவிட்டது. மாடியில் நின்ற அக்காவும் அப்படித்தான். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது, அதுவும் துண்டு துண்டாக.

"மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா அரிக்குதுடா. அத நிறுத்து."

அளவையர் பதறிப்போய் நெம்பியைப் பின்னால் விட்டார். வீடு நூற்றிருபத்தாறு அடியில் நின்று தெளிவாயிற்று. அக்கா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே போகவில்லை.

"இன்னும் எத்தன நாளைக்கு என் வீட்ட இப்படி இழுத்துக்கிட்டே இருப்ப?"

"நான் ஒரு அடிகூட நகரலக்கா."

"நான் மட்டும் நகந்தனா?"

திரையில் பேட்டரி அடையாளம் சிவப்பாகிக் கண் சிமிட்டத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், அணைக்கவில்லை. இரு கைகளாலும் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"அக்கா, டேப்பு நுனி ஒரு அடி ஒடஞ்சிருந்துது. நான் பாக்காம அளந்துட்டேன். ஒம்போது வருஷம் முன்னாடிதான் பாத்தேன். அந்தச் சுவர் தப்புதான்."

அரைக் கடையிலிருந்த முடிதிருத்துபவர் கத்தியை மடக்கினார். படகுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அக்கா ஒரு தலையணை உறையை உதறி, மடித்து, மறுபடி பிரித்தாள்.

"தெரியும்டா. அத ஒடச்சதே நான்தான். நீ அளக்கறதுக்கு மொத நாள் மெஷின்ல சிக்கின நூல எடுக்கறதுக்கு நுனிய உள்ள விட்டேன், பட்டுனு ஒடஞ்சுது. சொன்னா கத்துவியேன்னு சுருட்டி வெச்சுட்டேன்."

"பதினோரு வருஷமாவா?"

"நீ ஒம்போது வருஷமா வாயத் தொறக்கல. பெரிசா கேக்க வந்துட்டான். சாப்பிட்டியா?"

அந்தக் கேள்விக்கும் அவருடைய பதிலுக்கும் நடுவில் பேட்டரி தீர்ந்துபோனது. லென்ஸ் நீண்டபடியே நின்றது, வீடும் அப்படியே நின்றது. மறுநாள் கடைக்கார அம்மாள், சார்ஜ் போட்டால் லென்ஸ் உள்ளே போய்விடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொல்லி, சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டார். அளவையர் தொலைந்துவிட்டது என்றார். அது அவருடைய மறு பையில் இருந்தது.

அதற்கப்புறம் வருடங்கள் ஆகிவிட்டன. படகுக்காரர் இரண்டு தடவை துடுப்பு போட்டால் அக்கரை. முடிதிருத்துபவர் அந்தப் பாதியில் முடி வெட்டுகிறார், இந்தப் பாதியில் சவரம் செய்கிறார். இரண்டும் வேண்டுபவர்கள் நடுவே கொஞ்சம் படகேற வேண்டியிருக்கிறது. வெட்டும் மேசை போன வழியே திரும்பி வந்து, சுவரை இடித்துத் தள்ளிய இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அக்கா காலையில் வந்து தைத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் போய்விடுகிறாள். வெள்ளிக் கேமரா மாடிச் சுவர்மேல், லென்ஸ் நீண்டபடி, மழைக்கு ஒரு டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறது. அளவையரின் மனைவி தானே கடைக்குப் போய் வேறொன்று வாங்கிக்கொண்டாள். ஜூமே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். பூனை தூங்குகிற படம் மட்டும் முன்னூறுக்கு மேல் இருக்கிறது.

போன மாதம் அளவையர் இரண்டு மாடிகளுக்கும் நடுவே மறுபடி அளந்து பார்த்தார். நூற்றிருபத்தைந்து அடிதான் இருந்தது. நுனியைப் பார்த்தார், முழுசாக, பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கியது. நோட்டில் அப்படியே குறித்துக்கொண்டு, டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, சாப்பிடப் போனார்.