இருபத்தெட்டாம் பக்கத்துக் கூரை

முப்பத்தோரு வருஷங்களுக்கு முன் நின்றுபோன 'அசகாய ஐவர்' காமிக்ஸின் கடைசி இதழில், இருபத்தெட்டாம் பக்கத்தில், மலைத்தோளனுக்குத் தலை நரைத்துவிட்டது. அலமாரியைத் துடைப்பதற்காகப் புத்தகத்தை எடுத்த எழுத்தம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதைப் பார்த்தார். மற்ற நான்கு வீரர்களும் பழையபடி இளமையாகத்தான் இருந்தார்கள். முந்தைய கட்டத்திலேயே சுரங்கத்தை விட்டு ஓடித் தப்பித்தவர்களுக்கு என்ன குறை? அவர்கள் ஓடட்டும் என்று இடிந்து விழுகிற கூரையைத் தோளில் தாங்கிய மலைத்தோளன் மட்டும் கடைசிக் கட்டத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தைப் புரட்டியபோது எழுத்தம்மாவின் மடியில் கொஞ்சம் மண் கொட்டியது.

எழுத்தம்மா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். கணவர் படம் வரைவார். இவர் கட்டங்களுக்குக் கோடு போட்டு, பேச்சுக் குமிழ்களில் வசனம் எழுதுவார். ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் ஒட்டுவதற்காக 'தொடரும்' என்று எழுதிய சீட்டுகளை மொத்தமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். பத்து வருஷத்தில் 'முற்றும்' சீட்டுக்கு வேலையே வந்ததில்லை. பத்திரிகையை மூடப்போகிறோம் என்று முதலாளி சொன்ன அன்று அழுதுகொண்டே வேலை பார்த்தவர், கைப்பழக்கத்தில் டப்பாவுக்குள் கையை விட்டு, வந்ததை எடுத்து ஒட்டிவிட்டார். கடைசி இதழிலும் 'தொடரும்' என்றே இருந்ததை அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தார்கள். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். மலைத்தோளனுக்கு, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வரைந்திருந்த மனுஷர் அவர். "அடிப்பாவி, என்னைப் பாரத்தை இறக்கி வைக்க விடாம பண்ணிட்டியே!" என்றார். அடுத்த மாதமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நாலு.

எழுத்தம்மா கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா பதறவெல்லாம் இல்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, கூரைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். அடுத்த வாரமும் வந்து அளந்தார்.

"ஒரு நூல் அளவு இறங்கியிருக்குக்கா. முட்டி மடங்குது பாருங்க. பேசாம முற்றும்னு எழுதி ஒட்டிருங்க. பாவம், எத்தனை நாள்தான் நிப்பாரு?"

"ஒட்டினா அதோட கதை முடிஞ்சிருமே. கூரை அவர் தலைமேல தானே விழும்?"

இருந்தும் சீட்டை எழுதினார். மூன்று தடவை பசை தடவினார், மூன்று தடவையும் காயவிட்டார். கூரை விழும் என்ற பயம் பாதிதான். முப்பத்து நாலோடு போனவருக்கு அறுபத்தைந்து வயதில் கன்னம் எப்படி ஒட்டிப்போயிருக்கும், புருவம் எப்படி வெளுத்திருக்கும் என்பதை அவர் இப்போதுதான் பார்க்கிறார். விட மனசு வரவில்லை. தினமும் காபியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்து, பால்காரன் வராததிலிருந்து முழங்கால் வலிவரை எல்லாவற்றையும் சொன்னார். இப்படியே மூன்று மாதம் போயிற்று. சுயநலம்தான், அதைப் பின்னால் அவரே தன் வாயால் ஒப்புக்கொண்டார். கூரை ஆறு நூல் இறங்கியது. அதுவரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் ஒருநாள் காலையில் அவர் பக்கம் திரும்பியிருந்தன. எழுத்தம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இதோ வந்துட்டேங்க, இதோ," என்று சொல்லிக்கொண்டே ஸ்டீல் ஸ்கேலையும் பழைய பேனாவையும் தேடி எடுத்தார். அவருக்கு ஒரு பூனைகூட வரைய வராது. ஆனால் ஆயிரக்கணக்கான கட்டங்களுக்குக் கோடு போட்ட கை அது. தரையிலிருந்து கூரைவரை நேர்க்கோடுகளாக இழுத்து, இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண், சந்தேகத்துக்கு நடுவில் இன்னொன்று என்று நிறுத்தினார். மை காய்வதற்குள் தூண்களுக்குள்ளிருந்து நெறிபடும் சத்தம் கேட்டு, அடங்கியது. 'முற்றும்' சீட்டைக் கசக்கி எறிந்தார். 'தொடரும்' இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் மத்தியானம் கீழேயிருந்து தையல்காரம்மா குரல் கொடுத்தார்.

"யாருக்கா அது, பட்டப்பகல்ல இப்படிக் குறட்டை விடுறது?"

எழுத்தம்மா புத்தகத்தைப் பார்த்தார். நடுத்தூணில் சாய்ந்து, காலை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

"எங்க வீட்டுக்காரர்தான். கொஞ்சம் மெதுவா தைம்மா."

தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, கையால் பொத்தான் தைக்கத் தொடங்கினார்.