சுருக்கி எழுதப்பட்ட அண்ணி

கதை எழுதத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதே முறை. விடுப்பு விண்ணப்பங்களையும் திருமண வாழ்த்துகளையும் தவிர வேறெதையும் எழுதியறியாத கை இது. சொல்லில் குற்றமோ பொருளில் குழப்பமோ நேர்ந்தால், படிப்பவர்கள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதக் கற்பிக்கும் நூல்கள் கடைகளில் மலிந்து கிடக்கின்றனவே, அவற்றுள் ஒன்றையேனும் படித்துவிட்டுத் தொடங்கியிருக்கலாகாதா என்று எவரேனும் வினவினால், அதற்கும் பணிவான விடை ஒன்று உண்டு. அந்த விடைதான் இக்கதை.

ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்துப் பிழை களைவது அவருடைய பணி. எழுத்துகளில் விடுபட்ட கொம்புகளைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்ததால், அலுவலகத்தில் அவருக்குக் கொம்பக்கா என்று பெயர் வந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா தினம் தினம் கொம்பு முளைக்குது?" என்பார் பக்க அமைப்பாளர்.

"உன்னை முட்டத்தான். முதல்ல அந்த ஏழாம் பக்கத்தைச் சரி பண்ணு" என்பார் கொம்பக்கா.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டின் பின்னறையில், ஒரு கட்டிலும் ஒரு மேசை விளக்குமாக வாழ்ந்துவந்தார். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அந்தத் தொழிலில் கையேட்டில் அச்சிட்டிருப்பதுதான் சட்டம். ஒரு படியைத் தாண்டிவிட்டால், எங்கோ ஒரு கட்டடத்தில் யாரோ ஒருவர் அந்தரத்தில் தொங்க நேரிடும். ஆகையால், புதிதாக வாங்கிய மிக்ஸியின் கையேட்டைக்கூட அட்டை முதல் அட்டை வரை படித்த பிறகே அதன் ஒயரைத் தொடும் மனிதர் அவர். பேச்சோ, கேட்டால் ஒன்று, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அவ்வீட்டின் பேச்சையெல்லாம் அண்ணி ஒருவரே பேசிவந்தார். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். "ஊர் ஜனத்தையெல்லாம் மேல ஏத்தி விடுறாரு உங்க அண்ணன். நம்ம குடும்பம் மட்டும் இன்னும் தரைத்தளத்துலயே நிக்குது பாரு" என்று கையில் கரண்டியோடு அவர் அங்கலாய்க்கும்போது, அண்ணன் முகத்தைச் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரிப்பார். ஒருமுறை காய்ச்சல் என்று மருத்துவமனையில் படுத்த அண்ணி பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போது அவர்களுடைய ஒரே மகள் பள்ளியில் சேர்ந்திருந்த புதிது.

வீடு வாயடைத்துப்போயிற்று. சில ஆண்டுகள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, அம்மா எப்படிப்பா பேசுவாங்க? எனக்கு மறந்தே போச்சு."

அண்ணன் வாயைத் திறந்தார். பேசத் தெரியாதவருக்குப் பேச்சைப் பேசிக் காட்டவா வரும்? "எழுதித் தரேம்மா" என்றார். மறுநாள் மாலையே, பழைய பணிக்குறிப்புத் தாள்களின் வெற்றுப் பக்கங்களில் எழுதத் தொடங்கினார். வேலை முடிந்து வந்து, கிரீஸ் போகக் கை கழுவி, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அமர்ந்து எழுதுவார். மகள் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்வார். "புத்தகமா வரட்டும். அப்ப மொத்தமா படி." அவளும் பொறுத்திருந்தாள். அம்மா அந்தக் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறாள் என்ற நம்பிக்கை அவளுக்கு.

கட்டு பருத்தது. அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டில் அண்ணன் அதைத் துணிப்பையில் வைத்துத் தங்கையிடம் கொடுத்தார்.

கொம்பக்கா அதை அலுவலகத்தில், உணவு இடைவேளைகளில் படித்தார். கதை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தொடக்கமும் இல்லை, திருப்பமும் இல்லை. அண்ணி பேசிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டோடு சண்டை, தண்ணீர்க் குழாயடியில் சண்டை, வயிற்றிலிருந்த குழந்தையோடு வழக்காடல். கொம்பக்கா பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தார். கை மட்டும் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவால் கால்களையும் கொம்புகளையும் போட்டுக்கொண்டே சென்றது.

பதிப்பக முதலாளி கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா தலையணை கணக்கா இருக்கே! படிக்கிறவன் தூங்கிடுவான். உங்க அண்ணனைக் கொஞ்சம் இளைக்க வைக்கச் சொல்லுங்க, போடலாம்."

அந்தப் பதிப்பகம் வழிகாட்டி நூல்களால் உயிர்வாழ்ந்துவந்தது. நேர்காணலில் வெல்ல, மேடையில் பேச, கடிதம் எழுத, எல்லாவற்றுக்கும் ஒரு வழிகாட்டி. அப்போதுதான் புதிதாகக் கதை எழுதவும், திருத்தவும், நூலாக்கவும் கற்பிக்கும் வழிகாட்டி ஒன்று வெளிவந்திருந்தது. எழுதியவர் ஒரு பேராசிரியர். நீச்சல் தெரியாதவர் கரையில் நின்று கைவீசிக் காட்டுவதுபோல், கதை ஒன்றுகூட எழுதாமலேயே கதைக்கு இலக்கணம் சொல்லியிருந்தார். கட்டோடு சேர்த்து அந்த நூலையும் அண்ணனிடம் கொடுக்கும்போது, கொம்பக்காவுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. நன்றியுரையில் அவரையும் குறிப்பிட்டிருந்தார்கள்.

"இதைப் பாத்துச் சுருக்குண்ணா. நான் வரி வரியா பாத்த புத்தகம்."

"நீ பாத்ததா? அப்ப தப்பு இருக்காது" என்றார் அண்ணன்.

மழைக்காலம் முழுவதும் அவர் மேசையைவிட்டு எழவில்லை. வழிகாட்டியைக் கவிழாதபடி குவளையொன்றைச் சாத்தித் திறந்துவைத்து, ஒவ்வொரு படியையும் முடித்ததும் பென்சிலால் குறியிட்டுக்கொண்டார். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தங்கையின் அறை வாசலில் வந்து நின்றார். கையில் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி ஏட்டைவிடச் சற்றே தடித்த ஒரு கட்டு.

"முடிச்சிட்டேன். ஒரு ஸ்டெப் விடல."

கொம்பக்கா நின்றபடியே புரட்டினார். வாக்கியங்கள் சீராக இருந்தன. ஒரு சொல் மிகையில்லை. 'கதையை நகர்த்தாத பேச்சை நீக்குக' என்பது பேராசிரியரின் விதி. அண்ணியின் பேச்சு எதை நகர்த்தும்? தரைத்தளத்தைப் பற்றிய அந்த அங்கலாய்ப்பைத் தேடினார். அந்த இடத்தில், 'அவள் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வாள்' என்று இருந்தது. குழாயடிச் சண்டை இருந்த இடத்தில், 'அக்கம்பக்கத்தாரோடு அவளுக்குச் சுமுக உறவில்லை' என்று இருந்தது. மருத்துவமனை ஒரே வரியில் முடிந்திருந்தது.

"நல்லா இறுக்கமா இருக்குண்ணா" என்றார். "பழைய கட்டு எங்க? ஒருதடவை ஒப்பிட்டுப் பாத்துக்கறேன்."

"அது எதுக்கு? கிழிச்சுக் குப்பை வண்டியில போட்டாச்சு."

"என்னது?"

"புத்தகத்துலயே போட்டிருக்கே." அண்ணன் உள்ளே போய் வழிகாட்டியை எடுத்துவந்து, பக்கத்தை விரித்துக் காட்டினார். எண்ணெய்க் கறை படிந்த விரல் ஓரிடத்தில் நின்றது. 'திருத்தி எழுதிய பின் பழைய பிரதியைக் கையில் வைத்திராதீர்கள். பழையது பக்கத்தில் இருக்கும்வரை புதியதில் நம்பிக்கை பிறவாது. துணிந்து அழித்துவிடுங்கள்.'

"எங்க வேலையிலயும் இதேதான். கழட்டின பழைய பார்ட்டை சைட்ல வைக்கவே கூடாது. எவனாவது தெரியாம மறுபடி மாட்டிடுவான். படிச்சதும் சட்டுனு புரிஞ்சுபோச்சு எனக்கு."

கொம்பக்கா கட்டிலில் உட்கார்ந்தார். அந்த வரிகளைப் பேராசிரியர் எழுதவில்லை. அத்தியாயம் பக்கத்தின் பாதியிலேயே முடிந்து, கீழே வெறுமையாகக் கிடந்தபோது, "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்குக்கா. மூணு வரி ஏதாச்சும் போட்டுக் கொடுங்களேன்" என்று பக்க அமைப்பாளர் கெஞ்சினார். பதிப்பகத்தில் அது அன்றாட வழக்கம். கொம்பக்கா தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமல், இடக்கையால் தாளைப் பிடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். பக்கம் நிறைந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆயினும் அவரால் இயலவில்லை.

"அண்ணா, அதை நான்தான் எழுதினேன். பக்கத்துல இடம் மிச்சம் இருந்துச்சு. அதை நிரப்பறதுக்காக எழுதினேன்."

அண்ணன் வழிகாட்டியை மூடினார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயா எழுதின?" என்றார். "அந்த மூணு வரிதாம்மா அந்தப் புத்தகத்துலயே எனக்குத் தெளிவா புரிஞ்சது."

அன்று மாலையே, மகள் தனிவகுப்புக்குப் போன நேரம் பார்த்து, இருவரும் மேசையில் எதிரெதிரே அமர்ந்தார்கள். அவளுக்குத் தெரியுமுன் மீண்டும் எழுதிவிட வேண்டும் என்பது திட்டம்.

"குழாயடில என்ன சொன்னா அண்ணி? ஆரம்பிண்ணா."

அண்ணன் பேனா மூடியைக் கடித்தார். "ஏதோ வாளியைப் பத்தி... அந்தம்மா வாளியைப் பத்தி. தெரு முழுக்கச் சிரிச்சுச்சு."

"வாளியைப் பத்தி என்ன?"

"எழுதி வச்சாச்சேன்னு மறந்துட்டேம்மா. எழுத எழுத மனசுலேர்ந்து எறங்கிப்போச்சு. நீ படிச்சியே, நீ சொல்லு."

கொம்பக்கா கண்களை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் துல்லியமாகத் தெரிந்தது. மேலிருந்து நான்காம் வரியில் ஒரு கால் விடுபட்டிருந்தது. அடுத்த வரியில் ஒற்று மிகுந்திருந்தது. ஓரத்தில் அவரே இட்ட சிவப்புக் குறி. அந்தப் பக்கத்தைப் படித்துத் தாம் சிரித்ததும், பக்க அமைப்பாளர் திரும்பிப் பார்த்ததும்கூட நினைவிருந்தன. அண்ணி என்ன சொன்னார் என்பது மட்டும் நினைவில் இல்லை. ஆயுள் முழுதும் எழுத்தைப் பார்த்த கண், சொல்லைக் கேட்கவேயில்லை.

இப்படியே பல மாலைகள் கழிந்தன. தேறியது ஒரு தாளுக்குக் காணாது. அதையும் அண்ணன் எழுத எழுத, அது அண்ணியைப் போல் ஒலிக்காமல், வழிகாட்டியைப் போலவே ஒலித்தது. ஒருநாள் அவர் பேனாவை வைத்துவிட்டார். "போதும்மா. அவளை மாதிரி நானே இட்டுக்கட்டிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றார்.

முதலாளிக்கோ மெலிந்த கட்டு மிகவும் பிடித்துவிட்டது. "கத்தி மாதிரி இருக்கும்மா!" என்று உடனே அச்சுக்கு அனுப்பினார். நூல் அழகாகவே வந்தது. கொம்பக்கா பார்த்த மெய்ப்பு; பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு வார இதழில் பாராட்டி எழுதினார்கள். மனைவியின் ஆழ்ந்த மௌனத்தை ஆசிரியர் அளவறிந்து தீட்டியிருக்கிறார் என்று அதில் கண்டிருந்தது.

மகள் நூலை ஒரே மூச்சில் படித்தாள். தந்தையிடம் போய், "நல்லா இருக்குப்பா" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் மரியாதையாகச் சொன்னாள். அண்ணன் தலையசைத்துவிட்டு, கருவிப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். அவர் காலடியோசை தெருவில் தேய்ந்த பின், அவள் பின்னறைக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அம்மா ரொம்ப அமைதியானவங்களா?"

"யாரு, உங்கம்மாவா!" கொம்பக்கா பதறிவிட்டார். "அவ வாயை மூடி நான் பாத்ததே இல்லடி."

"அப்படியா? என்ன பேசுவாங்க? சொல்லுங்களேன்."

"உங்கப்பா மீசைக்கு எண்ணெய் போடுவாரில்ல, அதைப் பாத்து ஒருநாள் சொன்னா. 'அத்தனை எண்ணெயையும் மீசைக்கே ஊத்துறீங்களே, வாசக்கதவு என்ன பாவம் பண்ணுச்சு? அது கத்துற கத்துக்கு எதிர்வீட்டுக்காரங்க நான்தான் கத்தறேன்னு நெனச்சுக்கறாங்க'ன்னா."

பெண் சிரித்தாள். முகம் மலர்ந்து, கால்களைக் கட்டிலின் மேல் தூக்கி மடித்து, வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"அப்புறம்?"

கொம்பக்கா அவள் முகத்தையே பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"அப்புறம்... தரைத்தளத்தைப் பத்தி ஒண்ணு சொல்வா. அவ்வளவுதாண்டி ஞாபகம் இருக்கு."

இழந்தவற்றைச் சொல்லி முடிப்பது கடமை. குழாயடியில் ஒரு தெருவையே சிரிக்கவைத்த பேச்சு. பிறக்குமுன் குழந்தையை அழைத்த செல்லப் பெயர்கள். மருத்துவமனையில் அண்ணி பேசிய கடைசிப் பேச்சுகள். பேசாத மனிதர் ஒருவர் பல ஆண்டு மாலைகளில் எழுதிச் சேர்த்த தாள்கள் அனைத்தும். ஒரு பெண்ணுக்கு அவள் தாயின் குரல். வேறு என்னென்ன இருந்தன என்று சொல்ல இப்போது எவரும் இல்லை.